அருவங்காடு – எல்லநள்ளி இறக்கத்தில் வேகத்தடை கேட்கலாமா?

கேத்திக்காரன்

குன்னூர்–ஊட்டி மெயின் ரோட்டில், அருவங்காட்டுக்கும் எல்லநள்ளிக்கும் நடுவே ஹட்டி (படகர் ஊர்) ரோடு ஒன்று வந்து சேரும் முக்கு. ஊட்டியிலிருந்து இறங்கும்போது வலது கைப் பக்கம் ஹட்டி ரோடு, இடது கைப் பக்கம், முக்குக்குச் சற்று முன்னால், பஸ் ஸ்டாப். முக்குக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவு. ரோடு நல்ல இறக்கம். முக்கில் ஊட்டிப் பக்கமாக எந்நேரமும் இரண்டு மூன்று டாக்சியோ பிக்கப்போ நிற்கும். அடிக்கடி வண்டி இடிக்கிறது. பெரும்பாலும் கை கால் காயத்தோடு போகிறது, சில நேரம் அதற்கு மேலும்.

ஊர்க் கூட்டத்தில் "வேகத்தடை போடச் சொல்லி மனு" என்று ஒரே பேச்சாக முடிவாகிவிட்டது. மனு எழுதும் பொறுப்பு எனக்கு. அனுப்பும் முன்னால் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். வேகத்தடை சரியா? இல்லையென்றால் வேறு என்ன கேட்பது?

பழைய ஓவர்சியர்

தம்பி, அந்த மனுவைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

ரோடு அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்த முதுகு. மணிக்கு 25 கி.மீ.யில் போகிற வண்டிக்கு அது உறுத்தாது. நம் ஊர்களில் ஒரு மீட்டர் அகலத்தில் சாக்கடை மூடி போலக் கட்டி வைக்கிறார்களே, அது வேகத்தடை இல்லை, மேடு. வெள்ளைக் கோடும் முன்னறிவிப்புப் பலகையும் இல்லாமல் அப்படி ஒன்று போட்டால், பனிமூட்டத்தில் முதலில் விழுவது இருசக்கர வண்டிதான்.

சரியான அளவில் போட்டாலும் இறக்கத்தில் அது வேறு விதமாக வேலை செய்யும். மேலே இருந்து வருகிறவர் ஏற்கனவே பிரேக்கில்தான் வருகிறார். மேட்டைப் பார்த்ததும் இன்னும் அழுத்துவார், பின்னால் வருகிறவர் அவர் மேல் ஏறுவார். ஏறுகிற பக்கம் லோடு வண்டி மேட்டில் நின்று, முதல் கியர் போட்டுக் கிளம்பும்போது அரை அடி பின்னால் வழுகும். பின்னால் ஒட்டி நிற்கும் ஸ்கூட்டருக்கு அந்த அரை அடி போதும். போதாக்குறைக்கு இது தேசிய நெடுஞ்சாலை 181. அதில் வேகத்தடை போடுவதை நெடுஞ்சாலைத் துறையே தவிர்க்கப் பார்க்கும். உங்கள் மனு முதல் மேசையிலேயே திரும்பிவிடும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். இடி எந்த வகை? பின்னால் இடித்ததா, எதிரெதிரா, பக்கவாட்டிலா, நடந்து போனவரா, தானாக வழுக்கி விழுந்ததா? ஐந்துக்கும் ஐந்து வைத்தியம்.

கேத்திக்காரன்

எல்லாம் கலந்துதான் இருக்கும் சார். அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை. எப்.ஐ.ஆர். சில பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே வரி: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து".

மைல்கல் 43

அந்த ஒரு வரிதான் தமிழ்நாடு முழுக்க இருக்கும் பிரச்சினை. அது சட்டப்பிரிவுக்காக எழுதப்படும் வாசகம். முன்பு இ.பி.கோ. 279, 304ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 106. யார் மேல் வழக்கு என்பதை அது சொல்லும். ஏன் அங்கே இடிக்கிறது என்பதைச் சொல்லாது. நாற்பது கி.மீ.யில் வந்து பார்வை மறைந்து இடித்தவனும் எண்பதில் வந்து இடித்தவனும் காகிதத்தில் ஒன்றேதான்.

உங்களுக்கு வேண்டிய விவரம் வேறு இடத்தில் இருக்கிறது. 2021 முதல் ஐராட், பிறகு இ–டார் என்று ஒரு பதிவு முறை ஓடுகிறது. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்தது. போலீஸ் சம்பவ இடத்திலேயே போனில் பதிய வேண்டும்: இடப்புள்ளி, போட்டோ, வண்டி வகை, மோதிய விதம், வெளிச்சம், வானிலை. பிறகு நெடுஞ்சாலை, போக்குவரத்து, சுகாதாரத் துறைகள் தங்கள் பங்கைச் சேர்க்கும். ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போய்ப் பதிந்தால் புள்ளி ஸ்டேஷன் வாசலில் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டிக் கேளுங்கள். பெயர், முகவரி, வண்டி எண் கேட்காதீர்கள். அவை தனிப்பட்ட விவரம் என்று மொத்த மனுவையும் தட்டிவிட வழி கிடைக்கும். இன்ன கிலோமீட்டர் கல் முதல் இன்ன கல் வரை, மூன்று காலண்டர் ஆண்டுகளுக்கு, ஒவ்வொரு விபத்துக்கும் தேதி, மணி, இடம், வண்டி வகைகள், மோதிய விதம், காயத்தின் தரம். அவ்வளவுதான். 30 நாளில் பதில் வர வேண்டும்.

மூன்று ஆண்டு ஏன் என்றால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'கரும்புள்ளி' வரையறை அப்படி. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று காலண்டர் ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ உள்ள விபத்து 5 நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் முக்கு வந்துவிட்டால் பேச்சே வேறு, நிதி தனியாக வரும். வராவிட்டாலும் விபத்து வகையை வைத்துக் கேட்கலாம்.

பதில் வந்ததும் ஒரு முழுத்தாளில் முக்கை வரைந்து, ஒவ்வொரு விபத்தையும் அம்புக்குறியாகப் போடுங்கள். எந்தத் திசையிலிருந்து எந்தத் திசை, பக்கத்தில் மணியும் மழையா வெயிலா என்பதும். பத்து அம்பு போட்டதுமே தாள் பேச ஆரம்பிக்கும்.

கொழுந்து வண்டி

இவ்ளோ எதுக்குங்க? சீசனுக்கு வர்ற வெளியூர்க்காரங்கதான் காரணம். நியூட்ரல்ல இறக்கறது, வளைவுல நிறுத்தி குரங்குக்கு முறுக்கு போடறது, ராங் சைடு ஏறறது. அவங்கள நிறுத்துனா எல்லாம் சரியாயிடும்.

மைல்கல் 43

ஓரளவுக்கு உண்மை அண்ணா. அதற்குத்தான் ஏற்பாடுகளும் இருக்கின்றன. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு இ–பாஸ். 2025 ஏப்ரல் முதல் சீசனில் நாளைக்கு 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பு. சீசன் நெரிசலில் குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழி. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு என்பதால் வெளியூர் வண்டி அந்த வழியாக இறங்கவே கூடாது.

ஆனால் கல்லட்டி, பர்லியாறு மலைப்பாதை (காட் ரோடு) கதை வேறு, இந்த முக்கின் கதை வேறு. காட் ரோட்டில் வண்டி பள்ளத்துக்குப் போகிறது. 2023 செப்டம்பர் 30 அன்று மரப்பாலம் அருகே சுற்றுலா பஸ் கவிழ்ந்தது போல. அது பேப்பரில் முதல் பக்கம். ஊருக்குள் நடக்கும் இடி எட்டாம் பக்கத்தில் நாலு வரி. அதில் யார் வந்து யாரை இடிக்கிறார்கள் என்பதை மணி சொல்லும். காலை எட்டரை மணி, மாலை ஐந்தரை மணி என்று அம்புகள் குவிந்தால் அது ஸ்கூல் நேரம், ஷிப்ட் விடும் நேரம். அப்போது ரோட்டில் இருப்பது நாம்தான். ஞாயிறு மத்தியானம் குவிந்தால் நீங்கள் சொல்வது சரி. 'வெளியூர் வண்டி' என்று எழுதி முடித்துவிட்டால் முக்கில் ஒரு கல் கூட நகராது.

கியர்பாக்ஸ்

இறக்கத்துல வண்டி ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு ஒர்க்ஷாப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

ஆள் ஏத்துன பஸ் 15 டன்னுன்னு வெச்சுக்கங்க. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325. நடுவுல 1,500 மீட்டர் இறக்கம். அந்த இறக்கத்துல வெளிய வர்ற சக்திய கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 61 யூனிட் கரண்ட். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வீட்டுக்குச் சும்மா வர்ற 100 யூனிட்ல பாதிக்கு மேல. இதுல இன்ஜின் எவ்ளோ தாங்குதோ அது போக மிச்சம் அத்தனையும் பிரேக் டிரம்முல சூடா இறங்கும். 'ஏறுன கியர்லயே இறங்கு'ன்னு பெரியவங்க சொன்னது இதுக்குத்தான். நியூட்ரல்ல போட்டா இன்ஜின் பங்கு பூஜ்யம்.

சூடேறுனா என்ன ஆகும்? டிரம் விரியும், லைனர் மேல பளபளன்னு கண்ணாடி மாதிரி ஏறும், மிதிச்சாலும் பிடிக்காது. கார்ல வேற விதம். பிரேக் ஆயில் ஈரத்த இழுக்கும். டாட் 3 ஆயில் புதுசுல 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறுனப்புறம் 140 டிகிரி தாங்குனாலே பெருசு. டாட் 4 புதுசுல 230, ஈரம் ஏறுனா 155. கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி. பெடல் பஞ்சு மாதிரி தரையத் தொட்டுரும். மலைல ஓடற வண்டிக்கு ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ ஆயில் மாத்தியே ஆகோணும். குறைஞ்சா ஊத்தறது மாத்தறதாகாது.

ஏர் பிரேக் வண்டில இன்னொண்ணு. இறக்கம் பூரா பொட்டு பொட்டுனு மிதிச்சுட்டே வந்தா கம்ப்ரசர் நிரப்பறதுக்குள்ள காத்து தீரும். மிதிச்சா உறுதியா மிதிச்சு வேகத்த இறக்கி, கால எடுத்துரோணும். எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாய அடைச்சு இன்ஜினாலயே வேகத்த இழுத்துப் பிடிக்கறது) இருந்தா முதல்ல அது, அப்புறம் கால்.

இப்ப ஊருக்குள்ள ரொம்ப ஓடறது கியர் இல்லாத ஸ்கூட்டர். அதுல ஆக்சிலேட்டர விட்டு வேகம் இருபதுக்குக் கீழ வந்துச்சுன்னா உள்ள இருக்கற கிளட்ச் தானா கழண்டுக்கும். அதுக்கப்புறம் அது இன்ஜின் இல்லாத சைக்கிள். ஆள் ரெண்டு, சிலிண்டர் ஒண்ணுன்னு எல்லநள்ளி இறக்கத்துல விட்டா பின் பிரேக் மட்டும் பிடிச்சுப் பிடிச்சு கருகுன வாசம் வரும். முன் பிரேக்கும் பின் பிரேக்கும் சேத்துப் பிடிக்கோணும். லேசா ஆக்சிலேட்டர் குடுத்து கிளட்ச ஒட்ட வெச்சு இறங்கலாம். வாசம் வந்துட்டா ஓரங்கட்டி பத்து நிமிசம் ஆற விடோணும். தண்ணி ஊத்தாதீங்க, டிரம் வெடிக்கும்.

பழைய ஓவர்சியர்

கியர்பாக்ஸ் சொன்னதை ரோட்டுப் பக்கம் திருப்பிப் பாருங்கள். வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும், கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது. இந்த இரண்டும்தான் உங்கள் முக்கின் ஜாதகம்.

100 மீட்டருக்கு 7 மீட்டர் இறங்கும் சரிவு, ஈரத் தார், பார்த்து உணர்ந்து மிதிக்க இரண்டரை நொடி என்று கணக்குப் போட்டால்: 30 கி.மீ. வேகத்தில் 33 மீட்டர், 40இல் 50 மீட்டர், 50இல் 70 மீட்டர். சமதளத்துக்குச் சாலைக் காங்கிரஸ் கொடுக்கும் அளவு 40க்கு 45 மீட்டர், 50க்கு 60. சரிவு தின்பது அந்த வித்தியாசம்.

இப்போது நீங்கள் அளக்க வேண்டியது இரண்டு.

பார்வைத் தூரம்: கண் உயரம் 1.2 மீட்டர், எதிரே இருக்கும் பொருள் 15 செ.மீ. உயரம். ஒருவர் 1.2 மீட்டர் குச்சியை ரோட்டில் ஊன்றி, அதன் நுனியில் கண் வைத்துக் குனிந்து, மேலே வளைவுப் பக்கமிருந்து முக்கைப் பார்க்க வேண்டும். இன்னொருவர் 15 செ.மீ. அட்டைப்பெட்டியை முக்கில் வைக்க வேண்டும். குச்சிக்காரர் பின்னால் போகப் போக பெட்டி எங்கே மறைகிறதோ அங்கிருந்து முக்கு வரை டேப். அதையே ஹட்டி ரோட்டு வாயிலிருந்தும், முதலில் டாக்சி நிற்கும்போது ஒரு தடவை, நிற்காதபோது ஒரு தடவை செய்யுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை மனுவில் எழுதினால் வேறு வாதமே வேண்டாம்.

வேகம்: ரோட்டோரம் 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு. எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்று போனில் வீடியோ. ஒரு வண்டியின் முன்சக்கரம் முதல் கோட்டிலிருந்து இரண்டாவதைத் தொட எத்தனை நொடி என்று பாருங்கள். 108ஐ அந்த நொடியால் வகுத்தால் மணிக்கு கி.மீ. மூன்று நொடி என்றால் 36. இரண்டரை என்றால் 43. நூறு வண்டி எடுங்கள், குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக எழுதி 85ஆவது எண்ணைப் பாருங்கள். ரோடு எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதற்கு அந்த எண்தான் கணக்கு, சராசரி இல்லை. கூட்டமாக ஒட்டி வரும் வண்டிகளை விட்டுவிடுங்கள், முன்னால் தடையில்லாமல் வருபவை மட்டும்.

வேகம் 43, தெரியும் தூரம் 35 மீட்டர் என்று வந்தால் ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. தூரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது அவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கேத்திக்காரன்

தூரத்தைக் கூட்ட என்றால் மலையை வெட்டுவதா சார்?

பழைய ஓவர்சியர்

வேண்டவே வேண்டாம். மேல் சரிவை வெட்டினால் அடுத்த ஐப்பசி மழையில் மண் ரோட்டில் இருக்கும். முதலில் வெட்ட வேண்டியது செடி. வளைவின் உள்பக்கம் வளர்ந்திருக்கும் லாண்டானாவையும் (உண்ணிச்செடி) தேயிலைச் செடியின் ரோட்டோர வரிசையையும் இடுப்புக்குக் கீழே வைத்தாலே பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர் கிடைக்கும். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை வெட்ட வேண்டும்.

இரண்டாவது டாக்சி. ஹட்டி ரோட்டிலிருந்து வெளியே வருகிறவர் வலது திரும்பி குன்னூர் போக வேண்டும் என்றால், ஏறும் தடத்தைத் தாண்டி இறங்கும் தடத்தில் சேர வேண்டும். அவரைக் கொல்லக்கூடிய வண்டி இடது கைப் பக்கம், ஊட்டியிலிருந்து வரும். சரியாக அந்தப் பக்கத்தில்தான் உங்கள் டாக்சிகள் நிற்கின்றன. அவர் மூக்கை நீட்டி நீட்டி நடு ரோட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்கிறார். சந்திப்பு, வளைவு, ஏற்றத்தின் உச்சி அருகில் நிறுத்தக் கூடாது என்பது சாலை விதியிலேயே இருக்கிறது. ஆனால் டாக்சிக்காரருக்கும் பிழைப்பு. நூறு மீட்டர் தள்ளி அகலமான இடம் காட்டிக் கேளுங்கள். இல்லாவிட்டால் பலகை வைத்த மறுநாளே திரும்பி வருவார்கள்.

மூன்றாவது பஸ் ஸ்டாப். முக்குக்கு மேலே, முக்குக்கு முன்னால் இருக்கிறது என்கிறீர்கள். நிற்கும் பஸ்ஸைத் தாண்டி வருகிற கார் நேராக முக்கில் வந்து விழும். இறங்கின ஆள் பஸ்ஸின் முன்புறமாக ரோட்டைக் கடப்பார். ஸ்டாப்பை முக்கைத் தாண்டி 40, 50 மீட்டர் கீழே கொண்டு போனால் இரண்டும் தீரும். நிழற்குடை கட்டியாகிவிட்டது என்று யாராவது சொல்வார்கள், நிழற்குடையையும் நகர்த்தலாம்.

சோலைமரம்

குவி கண்ணாடி பற்றி யாரும் சொல்லவில்லையே? கோத்தகிரிப் பக்கம் வளைவுகளில் வைத்திருக்கிறார்கள்.

பழைய ஓவர்சியர்

உதவும், ஆனால் அதை நம்பி வேறு எதையும் விட்டுவிடாதீர்கள். குவி கண்ணாடியில் வண்டி சிறிதாக, தூரத்தில் இருப்பது போலத் தெரியும். 'இன்னும் நேரம் இருக்கு' என்று எடுத்துவிடுவார்கள். காலை எட்டு மணி வரை பனித்துளி மூடி வெள்ளைத் தட்டாக இருக்கும். மேலே குடை போல விளிம்பு உள்ளதை வாங்கி, ஹட்டி ரோட்டுக்கு நேர் எதிரே, ஆள் உயரத்துக்கு மேல் வைத்து, துடைக்கப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவரை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். துடைக்க ஆள் இல்லாத கண்ணாடி வெறும் கம்பம்.

கேரட் மண்டி

பாலாடா, கேத்திப் பக்கம் கேரட் கழுவி ஏத்தற பிக்கப்பெல்லாம் தண்ணி சொட்டச் சொட்டத்தான் ராத்திரி இறங்குது. அந்தத் தண்ணி மண்ணோட கலந்து வளைவுல சேறா ஒட்டிக்கும். விடியக்காலம் டூவீலர் வழுக்கறது அதுலதான். தீர்வு சின்னது. கழுவுனப்புறம் மூட்டையச் சாய்வுல அரை மணி நேரம் வடிய விட்டு ஏத்தோணும். வண்டி டெக்குல பின்கதவு ஓரத்துல ஒரு குழாய் வெச்சு கேன்ல பிடிக்கலாம். சில பேர் செய்யறாங்க.

இன்னொரு விசயம், கல்லு. ஏத்தத்துல நிறுத்தி சக்கரத்துக்குக் கல் போடுவோம். கிளம்பும்போது கல்ல அங்கயே விட்டுட்டுப் போயிடறாங்க. இருட்டுல ஸ்கூட்டர் ஏறுனா ஆள் பறக்கறாங்க. கல்லுக்குக் கயிறு கட்டி பம்பர்ல முடிஞ்சு வெச்சா மறக்காது. மரக்கட்டை ஆப்பு இன்னும் நல்லது.

கியர்பாக்ஸ்

கல் மட்டும் போதாது. இறக்கம் பாத்து நிறுத்துனா ரிவர்ஸ் கியர், ஏத்தம் பாத்து நிறுத்துனா முதல் கியர். ஸ்டீயரிங்க மலைப்பக்கம் திருப்பி வெக்கோணும், பள்ளத்துப் பக்கம் இல்ல. வண்டி நகந்தாலும் மலைல போய் முட்டி நிக்கும். ஹேண்ட் பிரேக் கேபிள் மலை வண்டில சீக்கிரம் தளரும். அஞ்சாறு பல்லுக்கு மேல இழுத்தும் பிடிக்கலைன்னா ஒர்க்ஷாப்புக்குப் போங்க.

108 பக்கம்

நடந்து போறவங்களப் பத்தி ஒரு வார்த்த. நம்ம ஊர்ல கருப்பு ஸ்வெட்டர், காபிக் கலர் சால்வ, கருப்புக் குடை. அஞ்சர மணிக்கு மேல மூடுபனி இறங்கினா பத்தடி தள்ளி ஆள் இருக்கறதே தெரியாது. நடைபாத இல்ல. சைடு டிரெயின் மேல நடக்கலாம்னா பாதி சிலாப் உடைஞ்சிருக்கும், அதனால தார்லதான் நடப்பாங்க. கேக்கறதா இருந்தா, பஸ் ஸ்டாப்லருந்து ஹட்டி ரோடு வரைக்கும் டிரெயின் மேல முழுசா சிலாப் போடச் சொல்லிக் கேளுங்க. தனியா நடைபாதைக்கு இடம் தேட வேண்டாம், மூடுன டிரெயினே நடைபாத. வெளிச்சம் பார்த்து வர்ற பக்கம், அதாவது வண்டிய எதிர்கொண்டு வலது ஓரமா நடக்கச் சொல்லுங்க. ஸ்கூல் பையில நாலு விரல் அகல ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுனாலே கண்ணுக்குப் படும்.

அடிபட்டா 108க்குச் சொல்லும்போது 'எல்லநள்ளி தாண்டி வளைவுல'ன்னா எந்த வளைவுன்னு தெரியாது. கிலோமீட்டர் கல் நம்பர் சொல்லுங்க. அதுக்கு நடுவுல 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல்லும் இருக்கும். கல் தெரியலைன்னா பக்கத்து இ.பி. கம்பத்து நம்பர். ஊட்டி பக்கமா குன்னூர் பக்கமா, எந்தப் பக்கம் போற வண்டின்னும் சொல்லுங்க. ஹெல்மெட்ட இழுத்துக் கழட்டாதீங்க. மூச்சு விட முடியலைன்னா மட்டும், ஒருத்தர் கழுத்தையும் தாடையையும் அசையாம பிடிச்சுக்க, இன்னொருத்தர் மெதுவா எடுக்கணும். தூக்கி ஜீப்ல போடறது பல நேரம் அடிய விட மோசம். உதவினவங்க மேல வழக்குப் போட முடியாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவுலயே இருக்கு. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021லருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் இருக்கு. பணத்த நினைச்சு யாரும் தயங்க வேண்டாம்.

சோலைமரம்

காட்டெருமையையும் கணக்கில் சேருங்கள். அதுவும் கருப்பு. கண் உயரத்தில் மின்னும் கண்களைத் தேடினால் சில நேரம் தெரியாது, தலை குனிந்து மேய்ந்துகொண்டிருக்கும். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்கும், அந்த வெள்ளைதான் லைட்டில் முதலில் படும். ஒன்று கடந்துவிட்டது என்று எடுக்காதீர்கள், பின்னால் கூட்டம் வரும். ஹார்ன் அடித்து விரட்டினால் அது பக்கத்துத் தேயிலைக்குள் போகாது, நடு ரோட்டில் திரும்பி நிற்கும். டிம் லைட்டில் நின்று விடுவதுதான் வழி.

பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம்தான். நாலு இண்டிகேட்டரையும் சிமிட்டிக்கொண்டே ஓட்டுவதும் கூடாது, நீங்கள் திரும்பப் போவது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. நின்றால் மட்டும் போடுங்கள்.

பழைய ஓவர்சியர்

பனிக்கு ரோட்டில் செய்யக் கூடியதில் மலிவானதும் முக்கியமானதும் விளிம்பு வெள்ளைக் கோடு. நடுக்கோட்டை விட அதற்கு முதலிடம். அடுத்தது வளைவின் வெளிப்பக்கம் அம்புப் பலகைகள். ஓட்டுநருக்கு எப்போதும் குறைந்தது இரண்டாவது ஒரே பார்வையில் படும் இடைவெளியில் வைக்க வேண்டும். ஒற்றைப் பலகை வளைவின் வடிவத்தைச் சொல்லாது.

வேகத்தைக் குறைக்க ஏதாவது கட்டாயம் வேண்டும் என்று ஊர் கேட்டால், வளைவுக்கு முன்னால் நேரான பகுதியில் குறுக்கு அதிர்வுக் கோடுகள் கேளுங்கள். வளைவுக்குள் போட விடாதீர்கள், சாய்ந்து திரும்பும் பைக்குக்கு அது வழுக்கல்.

பள்ளத்துப் பக்கம் இரும்புத் தகட்டுத் தடுப்பு கேட்பீர்கள் என்றால் ஒன்று. அது இடி வாங்கினால் வளைந்து பின்னால் போய்த்தான் வேலை செய்யும். கம்பத்துக்குப் பின்னால் கெட்டியான மண் வேண்டும். சரிவின் விளிம்பில் கொட்டின மண்ணில் ஊன்றினால் வண்டியும் தடுப்பும் சேர்ந்தே போகும். இடம் இல்லாத இடத்தில் கான்கிரீட் சுவர். தடுப்பின் முனை ரோட்டைப் பார்த்து ஈட்டி போல நிற்கக் கூடாது, மண்ணுக்குள் இறக்கியோ மலைப்பக்கம் வளைத்தோ முடிக்க வேண்டும். தார் மேல் தார் போடப் போடத் தடுப்பின் உயரம் குறைவதையும் கவனியுங்கள். அதே தார்தான் ஓரத்தில் படி போல நாலு விரல் உயர்ந்து, ஒதுங்கும் ஸ்கூட்டரைக் கவிழ்க்கிறது. தார் போட்ட கையோடு ஓரத்துக்கு மண் நிரப்பி இறுக்க வேண்டும் என்று மனுவில் ஒரு வரி.

கேத்திக்காரன்

மனுவை மாற்றி எழுதுகிறேன். வேகத்தடை எடுத்தாகிவிட்டது. ஊரில் இதைச் சொன்னால் சண்டைதான், பரவாயில்லை. வரிசை இப்படி: செடி வெட்டுவது, டாக்சிக்கு மாற்று இடம், பஸ் ஸ்டாப் கீழே, டிரெயின் சிலாப், விளிம்புக் கோடு, அம்புப் பலகை, அதிர்வுக் கோடு, கடைசியில் கண்ணாடி. யாரிடம் கொடுப்பது? எல்லாம் ஒரே ஆபீசா?

மைல்கல் 43

இல்லை, அங்கேதான் மனுக்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். மெயின் ரோடும் அதன் டிரெயினும் பலகையும் நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு. ஹட்டி ரோடு உள்ளாட்சி. நிறுத்தம் தடுப்பது போலீஸ். பஸ் ஸ்டாப்புக்குப் போக்குவரத்துத் துறையும் சேர வேண்டும். இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். 'சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் வைக்கவும்' என்று தலைப்பிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே எந்தத் துறை என்று ஒரு கட்டம். எல்லாத் துறையும் சேர்ந்து நேரில் வந்து பார்க்கும் கூட்டுப் புலத்தணிக்கை ஒன்று கேளுங்கள், தேதி கேளுங்கள்.

அம்புப் படம், பார்வைத் தூர அளவு இரண்டு, வேகப் பட்டியல், நாலு போட்டோ. மொத்தம் மூன்று தாளுக்கு மேல் போகாமல்.

கொழுந்து வண்டி

நானும் வர்றேங்க அளக்க. ஞாயித்துக்கிழமையா?

பழைய ஓவர்சியர்

ஞாயிறு ஒரு தடவை, வேலை நாளில் மாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, மழையோ பனியோ உள்ள நாளில் ஒரு தடவை. வெயில் நாள் வேகத்தை மட்டும் வைத்து எழுதினால் தணிக்கைக்கு வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார். ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள். எல்லோருக்கும் ஒளிரும் மேல்சட்டை வேண்டும். மேலே வளைவில் ஒருவர் கொடியோடு நிற்க வேண்டும், வண்டி வந்தால் விசில். டேப்பை ரோட்டின் குறுக்கே கிடக்க விடாதீர்கள். அளந்து முடித்ததும் அட்டைப்பெட்டியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கேரட் மண்டி

50 மீட்டர் டேப் மண்டில இருக்கு. சனிக்கிழம சாயந்தரம் வந்து வாங்கிக்கங்க.